18446744073709551615: அரிசிக் கணக்கில் தொடங்கி 641 வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் தொழிலால் புரோகிராமர். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் என் எதிரே அடிக்கடி வந்து நிற்கும் எண் இது. "எவ்வளவு பெரிய எண்!" என்று வியந்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். பெரிய எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இந்த எண் உடையும் விதம்தான் அழகு. வகுப்பில் பிள்ளைகள் கேட்டதையும் பெற்றோர் கேட்டதையும் அலுவலக நண்பர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இது என்ன எண்? இதை எப்படி வாசிப்பது?

2-ஐ 64 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது. அதாவது 2⁶⁴ − 1. மொத்தம் 20 இலக்கங்கள். நம் முறைப்படி காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615.

கோடியைத் தாண்டினால் நாம் 'கோடி கோடி' என்றுதான் சொல்கிறோம். அப்படிப் பார்த்தால் இது 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. இரண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்குக்குப் பழகிவிடும்.

சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதையில் வருவது இதுதானா?

இதேதான். முதல் கட்டத்தில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4 என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டத்தையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை தானியம்? அதற்கு விடை இந்த எண்.

அரபு நூல்களில் இந்தக் கதை இந்தியாவில் நடந்ததாகவே வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கும் இரண்டரை நூற்றாண்டு முன்பு, சுமார் 1000-ஆம் ஆண்டில், அல்பிரூனி என்ற அறிஞர் இந்தத் தொகையைக் கணக்கிட்டுவிட்டார். 64 கட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. 16-ஐ வர்க்கப்படுத்தினால் 256. அதை வர்க்கப்படுத்தினால் 65536. அடுத்து 4294967296. இன்னும் ஒரு முறை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கழித்தால் முடிந்தது. நான்கே பெருக்கல்.

கேரளத்தில் ஆலப்புழை பக்கம் இருக்கும் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலின் பால்பாயசத்துக்கும் இதே கதைதான் தலபுராணம். செம்பகசேரி ராஜா ஒரு முனிவரோடு சதுரங்கம் ஆடித் தோற்றார், பந்தயமாக வைத்த அரிசியைக் கொடுத்து மாளவில்லை, முனிவராக வந்தது கிருஷ்ணன், கடன் தீரும்வரை தினமும் பாயசம் என்று ஏற்பாடாயிற்று என்பார்கள். நாங்கள் ஒரு முறை குடும்பத்தோடு போயிருந்தபோது அந்தப் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மகளுக்கு 2⁶⁴ சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளுக்கு அது மறக்கவே இல்லை.

ஏன் 2⁶⁴ இல்லாமல் ஒன்று குறைகிறது?

நான்கு கட்டம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1 + 2 + 4 + 8 = 15. ஐந்தாவது கட்டத்தில் வரவேண்டியது 16. எங்கே நிறுத்தினாலும் இப்படித்தான்: இதுவரை வைத்ததன் மொத்தம், அடுத்து வைக்கப்போவதைவிடச் சரியாக ஒன்று குறைவு. 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் 2⁶⁴ வரும். அது இல்லாததால் மொத்தம் 2⁶⁴ − 1.

நிஜமாகவே அவ்வளவு அரிசி எவ்வளவு எடை வரும்?

வீட்டுச் சமையலறைத் தராசில் 10 கிராம் அரிசி வைத்து எண்ணிப் பார்த்தேன். ஐந்நூறை ஒட்டி வந்தது. அரிசி ரகத்தைப் பொறுத்து இது மாறும். ஒரு கிராமுக்கு 50 அரிசி என்றே வைத்துக்கொள்வோம்.

21 கட்டம் நிரப்ப 42 கிலோ போதும், வீட்டு மூட்டையிலேயே எடுத்துவிடலாம். 25 கட்டம் வந்தால் 671 கிலோ. பாதிப் பலகை, அதாவது 32 கட்டம் முடியும்போது 86 டன். ஒன்பது பத்து லாரி லோடு. ராஜாவுக்கு அதுவரை பெரிய கஷ்டம் இருந்திருக்காது. மீதிப் பாதியில்தான் கதை மாறுகிறது. முழுப் பலகைக்கும் சுமார் 36,900 கோடி டன் வேண்டும். இன்று உலகம் முழுக்க ஓர் ஆண்டில் விளைகிற அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். இந்த வேகத்தில் 700 ஆண்டுகள் விளைவித்து, ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் சேர்த்தால் கடன் அடையும்.

கால்குலேட்டர் இல்லாமல் இது எவ்வளவு பெரிது என்று மதிப்பிட முடியுமா?

முடியும். 2¹⁰ = 1024, கிட்டத்தட்ட ஆயிரம். 64 என்பது ஆறு பத்தும் ஒரு நான்கும். ஆக, 1024-ஐ ஆறு முறை பெருக்கி 16-ஆல் பெருக்க வேண்டும். 1.024-ஐ ஆறு முறை பெருக்கினால் ஏறக்குறைய 1.153. அதை 16-ஆல் பெருக்கினால் 18.45. பின்னால் 18 பூஜ்யம். சரியான விடையின் முதல் மூன்று இலக்கங்களான 184 கைக்கணக்கிலேயே கிடைத்துவிட்டது.

கடைசி இலக்கம் இன்னும் சுலபம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து சுற்றிச் சுற்றி வரும். 64, 4-ஆல் வகுபடுவதால் 2⁶⁴ முடிவது 6-இல். ஒன்றைக் கழித்தால் 5.

இது பகா எண்ணா?

5-இல் முடிகிறதே, அதனால் இல்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். ஆகவே 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

முழுசாகக் காரணிப்படுத்த எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்று போதும்: ஒரு வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால், அது 'ஒன்று குறைந்தது' 'ஒன்று கூடியது' இரண்டின் பெருக்கல். 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1)

இப்போது 2³² − 1-ஐயும் அதேபோல உடைக்கலாம். 2¹⁶ − 1, 2⁸ − 1 என்று கீழே இறங்கிக்கொண்டே போகலாம். 64-ஐப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் எங்கும் தடங்கல் இல்லாமல் 1-இல் வந்து நிற்பதால்தான் இது நடக்கிறது. 2⁶³ − 1-க்கோ 2⁶² − 1-க்கோ இந்த ஒழுங்கு கிடையாது. கடைசியில் கையில் இருப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

கரும்பலகையில் இதைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டே வரும்போது, பிள்ளைகள் அடுத்த வரியை நான் எழுதுவதற்கு முன்னால் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இருபது இலக்க எண்ணை ஒரு வகுத்தல்கூடப் போடாமல் ஆறு துண்டாக்கியிருக்கிறோம்.

இவற்றில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதுதான் சிக்கல்.

அந்த 4294967297-இல் என்ன சிக்கல்?

2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போக, அதோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்கள் இவை. ஃபெர்மா எண்கள் என்று பெயர். பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் எழுதிய கடிதங்களில், இவை எல்லாமே பகா எண்கள்தான் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். 3, 5, 17, 257, 65537 வரை அவர் சொன்னது சரி. அடுத்தது 4294967297. 92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், ஆய்லர் என்ற கணித அறிஞர் இது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

4294967297 = 641 × 6700417

641-ஐ அவர் எப்படிப் பிடித்தார் என்பதுதான் எனக்கு இந்த எண்ணிலேயே ரொம்பப் பிடித்த இடம். கண்ணில் படும் பகா எண்ணால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 2³² + 1-ஐ வகுக்கிற எந்தப் பகா எண்ணும், 64-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதாகத்தான் இருக்க முடியும். இதற்கான நிரூபணத்தை ஆய்லர் பிற்பாடு எழுதினார். ஆகவே 65, 129, 193, 257, 321 என்று 64, 64-ஆகத் தாண்டிப் போனால் போதும். அதிலும் பகா எண்ணை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்கிறது.

641 வகுக்கும் என்பதைப் பெருக்கிப் பார்க்காமல் காட்ட முடியுமா?

முடியும். ஒரு பேப்பர் எடுத்து எழுதிக்கொண்டே படியுங்கள், அப்போதுதான் ருசி தெரியும்.

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1. அந்த 640 என்பது 5 × 2⁷. இன்னொன்று, 625 + 16. அதாவது 5⁴ + 2⁴.

முதலாவதைப் பாருங்கள். 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது. அதை 'மீதி −1' என்று சொல்வோம். அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸. −1-ஐ நான்கு முறை பெருக்கினால் +1. ஆகவே 5⁴ × 2²⁸-க்கு மீதி 1.

இப்போது இரண்டாவது. 5⁴ + 2⁴ = 641 என்பதால், மீதிக் கணக்கில் 5⁴ வரும் இடத்தில் −2⁴ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2⁴ × 2²⁸, அதாவது −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³²-க்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் மீதி பூஜ்யம். 2³² + 1 முழுசாக வகுபட்டுவிட்டது.

பத்து இலக்க எண் ஒன்றின் காரணியை இரண்டு சின்னக் கூட்டல்கள் காட்டிக் கொடுத்துவிட்டன. முதன்முதலில் இதைப் படித்த அன்று நான் இரவு உணவுக்கு எழுந்து போகவே இல்லை.

6700417 பகா எண்தான் என்று எப்படி நிச்சயம்?

இதை வகுக்கும் எண் 2³² + 1-ஐயும் வகுக்கும் என்பதால், அதே 64 தந்திரம் இங்கேயும் உதவும். இதற்குக் காரணி இருந்தால், சிறிய காரணி இதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 2588-க்குள் இருந்தாக வேண்டும். 641-க்குக் கீழே ஒன்றும் வகுக்கவில்லை என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மீதி இருப்பவை 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 என்ற ஏழு பகா எண்கள் மட்டும். ஏழு வகுத்தல் போட்டுப் பாருங்கள், எதுவும் வகுக்காது. வேலை முடிந்தது.

அந்தப் பட்டியல் போடும்போது 64 × 27 + 1 என்ற இடத்தில் 1729 வருகிறது. ராமானுஜனின் டாக்ஸி எண்! அது 7 × 13 × 19 என்பதால் பகா எண் இல்லை, தள்ளிவிட வேண்டியதாகிறது. என்றாலும் தெரிந்த முகத்தை வழியில் பார்த்த சந்தோஷம்.

ஆக, முழுக் காரணிகள்?

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழும் வெவ்வேறு பகா எண்கள், எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் வகுக்கும் எண்கள் 2⁷ = 128. அந்த 128-இல் இந்த எண்ணை மட்டும் விட்டு மற்றவற்றைக் கூட்டினால் எண்ணின் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். 6 = 1 + 2 + 3 போன்ற நிறைவெண்களோடு ஒப்பிட்டால் இது குறைவெண்.

இந்தக் காரணிகளுக்கும் வடிவியலுக்கும் ஏதோ தொடர்பு என்கிறார்களே?

உண்டு. அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்பது பழைய கிரேக்கக் கேள்வி. முக்கோணமும் ஐங்கோணமும் வரையலாம் என்று யூக்ளிட் காலத்திலேயே தெரியும். 1796-இல், 18 வயதில், காஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் 17 பக்கம் கொண்டதையும் வரைய முடியும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். மற்றவை முடியாது என்ற பாதியை 1837-இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் நிரூபித்தார்.

இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஐந்துதான். இவற்றை எப்படிச் சேர்த்தாலும் 31 எண்கள் கிடைக்கும். அவற்றில் பெரியது ஐந்தையும் பெருக்கி வரும் 4294967295, அதாவது 2³² − 1. நம் எண்ணை முதலில் உடைத்தபோது கிடைத்த இரண்டு துண்டில் ஒன்று! ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கப் பலகோணத்துக்கான வழிமுறையை எழுதவே பத்து ஆண்டுகள் செலவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இதற்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் எண்கள் எப்படி?

2⁶⁴ வெறும் 2-களின் பெருக்கல், சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த 2⁶⁴ + 1 அடுத்த ஃபெர்மா எண். அது 274177 × 67280421310721. 1880-இல், தம் 82-ஆவது வயதில், லான்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் கையால் கணக்கிட்டு வெளியிட்டார். 2⁶⁴-க்குக் கீழே முதலில் வரும் பகா எண்ணுக்கு 59 படி இறங்க வேண்டும்: 18446744073709551557.

இதை இரண்டு வர்க்க எண்களின் கூடுதலாக எழுத முடியுமா?

முடியாது. மூன்று வர்க்கத்தாலும் முடியாது. எந்த வர்க்க எண்ணையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். நம் எண்ணுக்கு மீதி 7. மூன்று மீதிகளை எப்படிக் கூட்டினாலும் 7 வராது, முயன்று பாருங்கள். எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கம் போதும் என்று லாக்ராஞ்ச் என்ற கணித அறிஞர் 1770-இல் நிரூபித்தார். நம் எண்ணுக்கு அந்த நான்கும் தேவைப்படுகின்றன.

ஹனோய் கோபுரத்தில் வருவதும் இதேதானா?

ஆமாம். 1883-இல் எத்வார் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அந்தப் புதிரை வெளியிட்டார். மூன்று கம்புகள்; ஒரு கம்பில் அடுக்கிய தட்டுகளை ஒவ்வொன்றாக இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும், பெரிய தட்டு சின்னத் தட்டின்மேல் வரக்கூடாது. அதற்குத் துணையாக, காசிக் கோயில் ஒன்றில் 64 தங்கத் தட்டுகளைப் பூசாரிகள் ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்தால் உலகம் முடியும் என்று ஒரு கதையும் வந்தது. கதை கற்பனை, கணக்கு நிஜம். ஒரு தட்டு கூடினால் நகர்த்தல்கள் இரட்டித்து ஒன்று கூடும்: 1, 3, 7, 15... 64 தட்டுக்கு 2⁶⁴ − 1. விநாடிக்கு ஒரு தட்டு என்றால் சுமார் 58,500 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

கம்ப்யூட்டரில் இந்த எண் ஏன் திடீரென்று எட்டிப் பார்க்கிறது?

கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற பிட்களாக வைத்துக்கொள்ளும். 64 பிட்டும் 1 ஆக இருந்தால் வரும் மதிப்பு இது. குறை எண்ணுக்கு இடம் தராத 64 பிட் முழு எண்ணில் இதற்கு மேல் இடமில்லை. பைக் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆவதுபோல, இதோடு 1-ஐக் கூட்டினால் பூஜ்யம். தலைகீழாகப் பூஜ்யத்திலிருந்து 1-ஐக் கழித்தால் இந்த எண்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டியலின் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அத்தனை முறை திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஒன்றை ஓட்டியிருந்தேன். பட்டியல் காலியாக வந்த ஒரு நாள் லூப் நிற்கவே இல்லை. புரோகிராம் நடந்ததைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்தால் 18446744073709551615. அன்றிலிருந்து லாகில் இந்த எண்ணைப் பார்த்தால், எங்கோ பூஜ்யத்திலிருந்து ஒன்று கழிந்திருக்கிறது என்று முதலில் அங்கேதான் தேடுவேன். சி++ மொழியில் ஒரு வார்த்தையைத் தேடி அது கிடைக்காதபோதும் 64 பிட் கம்ப்யூட்டரில் இதே எண்தான் வரும். அது பிழை இல்லை, 'கிடைக்கவில்லை' என்பதற்கான அடையாளம்.

எக்செல்லில் தட்டினால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடுகின்றன. என்ன தப்பு?

உங்கள் தப்பு இல்லை. எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அதனால் 18446744073709500000 என்று காட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரணமாகத் தட்டினால் 18446744073709552000. அதில் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்துக்கொள்ள 9007199254740991 வரைதான் முடியும். என்னிடம் படிக்கும் ஒரு பையன் எக்செல் விடையை நம்பி, இந்த எண் 10-ஆல் வகுபடும் என்று எழுதிக்கொண்டு வந்தான். கடைசி இலக்கம் 5 என்று கைக்கணக்கில் காட்டியபிறகுதான் ஒப்புக்கொண்டான். பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது, எத்தனை இலக்கமானாலும் சரியாகவே தரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதை எங்கிருந்து தொடங்கலாம்?

செஸ் பலகையும் ஒரு கிண்ணம் அரிசியும் கொடுத்துவிடுங்கள். எண்ணச் சொல்லுங்கள், நீங்கள் உதவ வேண்டாம். எட்டாவது கட்டத்தில் 128. முதல் வரிசை முடிந்துவிடும், மொத்தம் 255 அரிசி, ஐந்து கிராம்தான். ஒன்பதாவதில் 256. கட்டத்துக்குள் அடங்காமல் அரிசி பக்கத்துக் கட்டத்துக்கு வழியும். பத்தாவது கட்டத்துக்கு 512 எண்ணும்போது, "இப்படியே போனா வீட்டு அரிசி பத்தாது" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அப்போது பேப்பரையும் பேனாவையும் எடுத்துக் கொடுங்கள்.